இருபத்திரண்டு கோடுகள்

ஜப்பான் படைக்குப் பயந்து வெள்ளைக்காரர்கள் பினாங்கை விட்டு ஓடியபோது எங்கள் ஆஸ்பத்திரியில் விட்டுச்சென்ற பொருள்களில் இதயத்தின் மின்சாரத்தை அளக்கும் இயந்திரமும் ஒன்று. இரண்டு மேசைகளை அடைத்துக்கொண்டு கிடந்த அதைத் தூக்கிக்கொண்டு போக யாருக்கும் தோன்றவில்லை. அதை இயக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் அதைத் தருவித்த ஆங்கிலேய டாக்டர். அவர் எங்களிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் கப்பலேறிவிட்டார். இன்னொருத்தி நான்.

எனக்கு அப்போது இருபத்தோரு வயது. அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து துறைமுகத்தில் கிராணியாகக் கணக்கு எழுதும் வேலை பார்த்தவர். பெண்பிள்ளையை நர்ஸ் வேலைக்கு அனுப்புவதா என்று சொந்தக்காரர்கள் முகம் சுளித்தபோது, அப்பா மட்டும் அனுப்பினார். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் ஆங்கிலேய டாக்டர் எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு, ஊசியில் நூல் கோர்க்கச் சொன்னார். கை நடுங்காமல் கோர்த்தவள் நான் என்பதால் இயந்திரத்தின் அறை எனக்கு வந்தது.

அந்த இயந்திரத்தின் உயிர், வெள்ளி பூசிய, தலைமயிரைவிட மெல்லிய ஒரு கண்ணாடி நூல். பெரிய காந்தம் ஒன்றின் இரண்டு முனைகளுக்கு நடுவே அது தொங்கும். நோயாளியின் இரண்டு கைகளிலும் இடது காலிலும் தகடுகளைக் கட்டி, அங்கிருந்து கம்பிகளை அந்த நூலோடு இணைக்க வேண்டும். இதயம் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் உடம்பில் பிறக்கிற சிறு மின்சாரம் நூல் வழியாகப் போகும். நூல் துள்ளும். விளக்கு வெளிச்சத்தில் அதன் நிழல், கோடு கிழித்த ஒரு பட்டையின்மீது மேலும் கீழும் குதிக்கும். அதைப் போட்டோ காகிதத்தில் படமாக எடுப்போம்.

ஜப்பான் காலத்தின் முதல் வருடம் முடிவதற்குள் போட்டோ காகிதம் தீர்ந்துபோனது. அதற்குப் பிறகு படம் கிடையாது. நிழல் எத்தனை கோடு ஏறுகிறது என்று நான் கண்ணால் பார்த்துச் சொல்வதுதான் கணக்கு. நான் பார்த்ததை இன்னொருவர் சரிபார்க்க வழியில்லை. நிழல் குதித்த சுவடு எங்கேயும் தங்காது.

வேலையில் நான் சுத்தக்காரி. காய்ந்த தோல் மின்சாரத்தை விடாது என்பது எனக்குத் தெரியும். அதனால் நோயாளியின் மணிக்கட்டையும் கணுக்காலையும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுவேன். தகட்டுக்கு அடியில் உப்புத் தண்ணீரில் நனைத்த துணியைச் சுற்றுவேன். உப்பு கிடைக்காமல் போனபோது, வாரம் ஒருமுறை கடற்கரைக்கு நடந்து போய் ஒரு புட்டியில் கடல் தண்ணீர் மொண்டு வந்தேன். கட்டுகிற ரப்பர் பட்டைகள் இற்றுப்போனதும், சைக்கிள் டியூபை வெட்டிப் பட்டையாக்கிக்கொண்டேன். தோலைப் பற்றி இவ்வளவு கவலைப்பட்டவள், தோலுக்கு உள்ளே என்ன கிடக்கிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

வெள்ளைக்காரர்கள் போன பிறகு ஆஸ்பத்திரிக்குப் பொறுப்பாக இருந்தவர் எங்களைப் போல யாழ்ப்பாணத்துக்காரரான ஒரு டாக்டர். ஐம்பது வயது இருக்கும். அதிர்ந்து பேசாதவர். சயாமில், அதாவது இன்றைய தாய்லாந்தில், ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் ஆள் பிடிக்க ஆரம்பித்தபோது, தோட்டங்களிலிருந்தும் துறைமுகத்திலிருந்தும் ஆட்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, உடம்பு தாங்குமா தாங்காதா என்று எழுதி வாங்கினார்கள். டாக்டர் தம்மால் முடிந்த அளவு பேருக்கு ‘பலவீனமான உடம்பு’ என்று எழுதிக் கொடுத்துப் பார்த்தார். ஒருநாள் ஜப்பானிய அதிகாரி ஒருவர் அந்தக் காகிதங்களைக் கொண்டுவந்து மேசைமேல் போட்டுவிட்டு, எங்கள் எல்லோர் முன்னாலும் டாக்டரின் கன்னத்தில் அறைந்தார். டாக்டரின் கண்ணாடி கழன்று என் காலடியில் விழுந்தது. நான் எடுத்துக் கொடுத்தேன். டாக்டர் அதைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அதிகாரிக்குத் தலைகுனிந்து வணங்கினார்.

அன்று பின்னேரம் அவர் என் அறைக்கு வந்தார்.

“பிள்ளை, இவங்களுக்குச் சொல்லு விளங்காது. இலக்கம்தான் விளங்கும். உம்மட மெசினிலயிருந்து எனக்கு ஒரு இலக்கம் வேணும்.”

“என்ன இலக்கம், டொக்டர்?”

“நூல் எத்தினை கோடு ஏறுது எண்டு சொல்லும். அஞ்சுக்குக் கீழ எண்டா நெஞ்சு பலவீனம். நான் அப்பிடித்தான் எழுதப் போறன்.”

ஐந்து என்ற கணக்கு எந்தப் புத்தகத்திலும் இருந்ததல்ல. அவர் அந்த நிமிடம் தேர்ந்தெடுத்தது. ஆனால் அது பலித்தது. அதிகாரி ஒருமுறை வந்து, அறையில் நின்று, நிழல் குதிப்பதை வெகுநேரம் பார்த்தார். தனக்கும் தகடு கட்டச் சொன்னார். அவருக்குப் பதினொரு கோடு. திருப்தியாகத் தலையசைத்துவிட்டுப் போனார். அதன் பிறகு எங்கள் காகிதங்கள் திரும்பி வரவில்லை.

ஐந்துக்குக் கீழே வந்தவர்கள் பெரும்பாலும் ஊதிய உடம்புக்காரர்கள். அரிசி இல்லாமல் மரவள்ளிக் கிழங்கையே தின்று, கால் வீங்கி, வயிறு வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுகிற உடம்புகள். பெரிபெரி நோய் அப்போது தெருவுக்குத் தெரு இருந்தது. அவர்களைப் படுக்கவைத்துத் தகடு கட்டினால் நிழல் லேசாகச் சிணுங்கும். மூன்று கோடு, நாலு கோடு. இதயம் சோர்ந்துவிட்டது, அதனால் சின்னத் துடிப்பு என்று நானும் நம்பினேன், டாக்டரும் நம்பினார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. என் கண்ணும் கையும் ஆட்களைக் காப்பாற்றுகின்றன என்று நினைத்துக்கொண்டேன்.

நாங்கள் டத்தோ கிராமாட் என்ற பகுதியில் குடியிருந்தோம். எங்கள் வரிசைக்குப் பின்னால் இருந்த சந்தில் துறைமுகக் கூலிக்காரர்கள் நாலைந்து குடும்பம் இருந்தது. அதில் ஒரு அக்கா எனக்குப் பழக்கம். நர்ஸ் என்பதால் என்னை ‘மிஸ்ஸி’ என்றுதான் கூப்பிடுவார். என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவர். கல்யாணமாகி ஐந்து வருடம், பிள்ளை இல்லை. காலையில் பைப்படியில் தண்ணீர் பிடிக்கும்போது என் வாளியையும் நிரப்பித் தள்ளிவைப்பார். நான் வேலைக்கு நேரமாகிவிடும் என்று அவசரப்படுவது அவருக்குத் தெரியும்.

அவருடைய கணவர் நெடுநெடுவென்று உயரம். உடம்பில் சதை என்பதே கிடையாது. சட்டை போடாமல் வாசலில் உட்கார்ந்திருந்தால், விலாவுக்கு இடையில் இதயம் இடிப்பது தெருவில் போகிறவர்களுக்கே தெரியும். கிட்டங்கியில் மூட்டை தூக்குகிறவர். அதிகம் பேசமாட்டார். என்னைக் கண்டால் எழுந்து நிற்பார்.

அவர் வேலை செய்த கூட்டத்திலிருந்து பத்துப் பேர் சயாமுக்கு வர வேண்டும் என்று உத்தரவு வந்தது. பட்டியலில் பத்தாவதாக இருந்தது இன்னொருவர். வயதில் கொஞ்சம் மூத்தவர், பெரிபெரியில் ஊதிப்போனவர். அவரை எங்களிடம் அனுப்பினார்கள். மூன்று கோடு. டாக்டர் எழுதிக் கொடுத்தார். அவர் பெயரை அடித்துவிட்டு அடுத்த பெயரை எழுதினார்கள். அடுத்த பெயர் அக்காவின் கணவர்.

மறுநாள் பைப்படியில் அக்கா எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார். வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது, அவர் கவனிக்கவில்லை.

“மிஸ்ஸி, நாளைக்கு அவரையும் உங்க மெஷின்ல பாக்கப் போறாங்களாம்.”

“ஆமா அக்கா. பயப்பட ஒண்ணும் இல்ல. வலிக்காது.”

“வலிக்கிறதுக்குப் பயப்படல மிஸ்ஸி. அவருக்கு ரொம்ப நாளாவே மூச்சு வாங்குதுலா. கப்பல் பலகையில ஏறி இறங்குனா பாதியிலேயே நின்னுடறாரு. சின்ன வயசுல காய்ச்ச வந்து, மூட்டெல்லாம் வீங்கி, ரொம்ப நாள் படுத்துக் கெடந்தாராம். கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க மிஸ்ஸி.”

‘பார்த்துச் சொல்லுங்கள்’ என்பதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. எனக்கு இரண்டும் கேட்டது. ஒன்றுக்கு மட்டும் பதில் சொன்னேன்.

“மெஷின் என்ன சொல்லுதோ அதைத்தான் அக்கா நான் சொல்ல முடியும்.”

அவர் தலையைக் குனிந்துகொண்டு, என் வாளியை எடுத்துக் குழாய்க்கு அடியில் வைத்தார்.

அவர் கணவர் வந்த அன்று வெளியே பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நல்ல வெயில். அவர் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுக் கட்டிலில் படுத்தார். கையைக் கழுவித் தகடு கட்டும்போதே பேச ஆரம்பித்தார்.

“மிஸ்ஸி, மூட்டையோட பலகையில ஏறும்போது இந்த எடத்துல ஒரு மாதிரி—”

அவர் கையைத் தூக்கி நெஞ்சைக் காட்டினார். கை அசைந்தாலும் வாய் பேசினாலும் தசையின் மின்சாரமும் சேர்ந்துகொள்ளும். நூல் தாறுமாறாக ஆடும். அப்படித்தான் ஆடியது.

“பேசாம படுங்க அண்ணே. நூல் ஆடுது,” என்றேன்.

அவர் உடனே வாயை மூடிக்கொண்டார். கையையும் பக்கத்தில் நேராக வைத்துக்கொண்டார். நான் விளக்கைப் போட்டேன். நிழல் குதித்தது.

அப்படி ஒரு குதிப்பை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. பட்டையின் விளிம்புவரைக்கும் போனது. நூல் தொய்ந்துவிட்டதோ என்று சந்தேகப்பட்டு, அளவு தெரிந்த சிறு மின்சாரம் கொடுத்துச் சரிபார்த்தேன். நூல் சரியாகத்தான் இருந்தது. மறுபடியும் பார்த்தேன். இருபத்திரண்டு கோடு.

டாக்டர் வாசலிலிருந்து கேட்டார். “எத்தினை, பிள்ளை?”

அந்தக் கேள்விக்கும் என் பதிலுக்கும் நடுவே கொஞ்சம் நேரம் இருந்தது. அது எனக்கு இன்றும் நன்றாக நினைவிருக்கிறது. நாலு என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. டாக்டர் சந்தோஷமாக எழுதியிருப்பார். அப்படிச் சொல்லாமல் விட்டது பயத்தால் அல்ல. எனக்குக் கண்ணில் பட்டது பிடித்திருந்தது. இவ்வளவு பெரிய துள்ளலைச் சரியாக எண்ணிவிட்ட பெருமையில் நின்றேன்.

“இருபத்திரண்டு, டொக்டர்.”

“இருவத்திரண்டோ?” என்றார் அவர். ஒரு கணம் நின்றுவிட்டு எழுதினார்.

நான் தகடுகளை அவிழ்த்துக்கொண்டே படுத்திருந்தவரிடம் சொன்னேன். “உங்களுக்கு இரும்பு நெஞ்சு அண்ணே. இந்த ஆஸ்பத்திரியிலேயே யாருக்கும் இவ்வளவு ஏறினதில்ல. மூச்சு வாங்கறது சாப்பாடு பத்தாமத்தான். வீட்டுல சொல்லுங்க.”

அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் சொன்னதை அப்படியே நம்பினார். நிம்மதிப்பட்டது போலக்கூட இருந்தது.

ஐந்தாம் நாள் அவர்களைப் படகில் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோய், பிறை ஸ்டேஷனிலிருந்து ரயிலில் அனுப்பினார்கள். நான் வேலைக்குப் போய்விட்டேன். அக்கா துறைமுகத்துக்குப் போய் வழியனுப்பிவிட்டு வந்தார். மறுநாள் பைப்படியில் என்னிடம், “மூணு மாசம்தானாம் மிஸ்ஸி. நெஞ்சு பலமா இருக்குன்னு நீங்க சொன்னதச் சொல்லிக்கிட்டேதான் போனாரு,” என்றார்.

ஏழெட்டு வாரம் போயிருக்கும். மூன்று கோடு வந்த அந்த ஊதிய உடம்புக்காரர், மருந்து வாங்க ஆஸ்பத்திரிக்கு வந்தார். எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. யாரோ சொல்லி, அரிசித் தவிட்டை வறுத்துத் தினமும் தின்றிருக்கிறார். வீக்கம் முழுக்க வடிந்து, தோல் தொங்க, பாதி ஆளாக நின்றார். நடை இன்னும் தள்ளாட்டம்தான். டாக்டர், “எதுக்கும் ஒருக்காப் பாரும்,” என்று என்னிடம் அனுப்பினார். அதே கட்டில், அதே தகடுகள். நான் மூன்றை எதிர்பார்த்து விளக்கைப் போட்டேன்.

பதினான்கு.

மூன்றுமுறை சரிபார்த்தேன். அவருடைய காலை அழுத்திப் பார்த்தேன், குழி விழவில்லை. அப்போதுதான் அது எனக்கு விளங்கியது.  டாக்டரைக் கூப்பிட்டேன்.

“டொக்டர், இவருக்கு இப்ப பதினாலு.”

“நல்லம். நெஞ்சு தேறியிருக்கு.”

“நெஞ்சு தேறியிருக்கலாம். ஆனா அஞ்சு மடங்கு தேறுமா? அப்ப உடம்பு முழுக்கத் தண்ணி நிண்டது. இப்ப இல்ல. தண்ணியில உப்பு இருக்கு, டொக்டர். தகட்டுக்கு அடியில நான் உப்புத் தண்ணி வைக்கிறது மின்சாரம் சுகமாப் போகத்தான். அதே தண்ணி உள்ளுக்க நிண்டா?”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். நோயாளியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்தினார்.

“உள்ளுக்க நிண்டா, மின்சாரம் அந்தத் தண்ணிக்குள்ளாலயே சுத்தித் திரும்பிப் போயிடும்,” என்றார் மெதுவாக. “தோலுக்கு வந்து சேர்றது கொஞ்சம்தான்.”

“அப்ப மெலிஞ்ச ஆளுக்கு?”

அவர் கண்ணாடியை மேசைமேல் வைத்தார். பதில் எனக்கே தெரிந்திருந்தது. மெலிந்த ஆளுக்கு இதயத்துக்கும் விலாவுக்கும் இடையில் கொழுப்பும் இல்லை, தண்ணீரும் இல்லை. உள்ளே பிறப்பது அப்படியே வெளியே வந்து இடிக்கும். நூல் காட்டியது இதயத்தின் பலத்தை மட்டும் அல்ல. இதயத்துக்கும் எங்கள் தகட்டுக்கும் நடுவே கிடந்த உடம்பையும்தான். போதாததற்கு, சிறு வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்தவர்களுக்கு இதயத்தின் வால்வு கெட்டு, வேலைச்சுமை கூடி, தசை தடித்துப்போவதும் உண்டு. அப்படிப்பட்ட நெஞ்சும் பெரிதாகத்தான் துள்ளும். அக்காவின் கணவர் இரண்டில் எது, இரண்டுமேயா என்று இருபத்திரண்டு கோட்டை வைத்துச் சொல்லவே முடியாது. அவர் சொல்ல வந்ததைக் கேட்டிருந்தால் ஒருவேளை சொல்லியிருக்கலாம்.

“துறைமுகத்து ஆள் ஒருத்தரை அனுப்பினோமே, டொக்டர். இருபத்திரண்டு.”

“ஞாபகம் இருக்கு.”

“ஏதாவது எழுதிக் கேக்க ஏலாதா?”

“எழுதிப் பாக்கிறன்,” என்றார்.

அவர் எழுதினாரா என்று எனக்குத் தெரியாது. எழுதியிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். எழுதினால் அதுவரை கொடுத்த எல்லாக் காகிதமும் பொய்யாகிவிடும். ஐந்துக்குக் கீழே என்று தப்பித்தவர்களைத் திரும்பப் பிடித்துக்கொண்டு போவார்கள். அது நியாயமான பயம். அந்த நியாயத்துக்குப் பின்னால் நானும் ஒளிந்துகொண்டேன். மறுபடி அவரிடம் கேட்கவே இல்லை. வேலை அப்படியே நடந்தது. ஊதியவர்களுக்கு அதே ஐந்து. மெலிந்தவர்கள் வந்தால் மட்டும் நான் கோடுகளைக் குறைத்துச் சொல்ல ஆரம்பித்தேன். டாக்டர் என்னை நிமிர்ந்து பார்க்காமல் எழுதினார். அப்படிச் சிலர் தப்பினார்கள். அதை நினைக்கும்போதெல்லாம், ஒருமுறை இதைக் கொஞ்சம் முன்னால் செய்திருக்கலாமே என்றுதான் மனம் போகிறது.

அக்காவிடம் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் பைப்படியில் பார்த்தேன். மூன்று மாதம் ஆறானது, வருடமானது. கணவரைப் பற்றிப் பயந்து அவர் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. அவர்தான் மற்றப் பெண்களுக்குத் தைரியம் சொன்னார். “எங்க வீட்டுக்காரரை மெஷின் வச்சுப் பாத்துட்டுத்தான் அனுப்புனாங்க. அவரே வரலேன்னா வேற யாரு வருவா?” என்பார், என்னையும் சாட்சிக்குப் பார்ப்பார். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவேன்.

சண்டை முடிந்து சில மாதம் கழித்து, அந்தக் கூட்டத்தில் போன பத்துப் பேரில் இரண்டு பேர் திரும்பி வந்தார்கள். ஒருவர் அக்காவின் வீட்டுக்கு வந்து சொன்னார். நானும் அங்கே இருந்தேன். போய் ஆறாவது வாரம், ரயில் பாதையின் கரைக்கு மண் கூடை தூக்கிக்கொண்டிருந்தபோது, அண்ணன் கூடையை இறக்கிவைத்துவிட்டு உட்கார்ந்தாராம். காய்ச்சல் இல்லை, பேதி இல்லை, யாரும் அடிக்கவும் இல்லை. உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். அங்கேயே புதைத்தார்கள்.

ஆறாவது வாரம் என்று கேட்டதும் நான் மனத்துக்குள் எண்ணிப் பார்த்தேன். நான் டாக்டரிடம் கேட்டபோது அண்ணன் ஏற்கனவே மண்ணுக்குள் இருந்தார். டாக்டர் எழுதியிருந்தாலும் பயன் இருந்திருக்காது. அது எனக்கு ஓர் ஆறுதலாகத் தோன்றியது. ஆறுதலாகத் தோன்றியதற்காக வெட்கப்பட்டேன்.

அக்கா வந்தவருக்குத் தேநீர் கொடுத்தார். அழவில்லை. “அது வேற யாரோலா,” என்றார் பொறுமையாக. “காய்ச்சலும் இல்லாம ஒண்ணும் இல்லாம சாய்றதுக்கு அவரு நெஞ்சு கெட்ட ஆளா? நீங்க கூட்டத்துல மாறிப் பாத்திருப்பீங்க.” பிறகு என் பக்கம் திரும்பி, “இல்லையா மிஸ்ஸி?” என்றார்.

நான் காலிக் கோப்பையை எடுத்துத் தட்டில் வைத்தேன். வந்தவர் என்னையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுந்து போனார்.

அதன் பிறகு மூன்று வருடம் அக்கா காத்திருந்தார். கருமாதி செய்யவில்லை. பொட்டை அழிக்கவில்லை. சொந்தக்காரர்கள் சொல்லிப் பார்த்துச் சலித்துப்போனார்கள். அந்த மூன்று வருடமும் நான் சொல்லியிருக்கலாம். நம்பிக்கையைப் பறிக்க எனக்கு என்ன உரிமை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவர் முகத்தைப் பார்க்கத்தான் பயந்தேன்.

ஒருநாள் அவர் சந்தோஷமாக வந்து, சயாமுக்குச் சரக்கு ஏற்றிப்போகிற ஒரு வியாபாரியின் குடும்பத்தோடு தானும் போகப்போவதாகச் சொன்னார். அங்கேயே தங்கிப்போன தமிழ் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்களாம். முகாம் முகாமாக விசாரிக்கலாமாம். துணிமணியெல்லாம் மூட்டை கட்டிவிட்டார்.

அடுத்த நாள் மத்தியானம் நான் அவர் வீட்டுக்குப் போனேன். முறத்தில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். உட்காரக்கூடச் செய்யாமல் சொன்னேன்.

“அக்கா, அண்ணனுக்கு நெஞ்சு பலம்னு நான் சொன்னது தப்பு.”

அவர் கை நின்றது. “மெஷின் கெட்டுப் போயிருந்துச்சா?”

“மெஷின் சரியாத்தான் இருந்துச்சு. நான்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன். அண்ணன் மெலிஞ்ச உடம்பு. நடுவுல சதை இல்லாததால துடிப்பு பெருசாத் தெரிஞ்சிருக்கும். பெருசாத் தெரிஞ்சா பலம்னு அர்த்தம் இல்ல. அது எனக்கு அப்பத் தெரியல.”

“எப்பத் தெரிஞ்சுச்சு?”

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை.

“அவங்க போய் ரெண்டு மாசத்துல.”

அவர் முறத்தை ஓரமாக வைத்தார். 

“மூச்சு வாங்குதுன்னு உங்ககிட்டச் சொல்றேன்னு சொல்லிட்டுத்தான் வீட்டுலேருந்து கெளம்புனாரு. சொன்னாரா?”

“சொல்ல ஆரம்பிச்சார்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“பேசாம படுங்கன்னு சொன்னேன்.”

அக்கா தலையை ஆட்டினார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“அவரு யாரு சொன்னாலும் கேப்பாரு மிஸ்ஸி,” என்றார். “அவரு சொல்ல வந்தத நீங்க கேட்டிருக்கலாம்.”

நான் நின்றுகொண்டே இருந்தேன். அவர் முறத்தை மறுபடி மடியில் எடுத்துக்கொண்டு, “போய்ட்டு வாங்க. வேலைக்கு நேரமாயிடும்,” என்றார்.

அவர் சயாமுக்குப் போகவில்லை. அந்த மாதமே கருமாதி நடந்தது. என்னைக் கூப்பிட்டார்கள், போனேன். பெண்கள் கூட்டத்தில் கடைசியாக உட்கார்ந்திருந்தேன். அதன் பிறகு அவர் பைப்படிக்கு வரும் நேரத்தை மாற்றிக்கொண்டார். வருடம் முடிவதற்குள் சுங்கை பட்டாணிப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்த தன் தங்கை வீட்டோடு போய்விட்டார். போவதற்கு முன் எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லிக்கொண்டு போயிருக்கிறார். நான் வேலையில் இருந்தேன்.

நான் ஓய்வு பெறும்வரை அதே வேலைதான் பார்த்தேன். இயந்திரங்கள் மாறின. கண்ணாடி நூல் போய், பேனா வைத்துக் காகிதத்தில் எழுதுகிற சின்னப் பெட்டிகள் வந்தன. நோயாளி தகடு கட்டுமுன் ஏதாவது சொல்ல வந்தால் முழுக்கக் கேட்பேன். வரிசை நீள்கிறது என்று மற்றவர்கள் முணுமுணுப்பார்கள். புதிதாக வந்தவர்கள் என்னைப் ‘பேச்சுக்காரி’ என்று எனக்குப் பின்னால் சொல்வதுண்டு.

ஓய்வுக்குப் பிறகு ஒருமுறை பல்கலைக்கழகத்தில் பொதுமக்களுக்கான ஓர் உரை நடக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். பேசியவர் இளவயதுக்காரர். இதயத்தின் மின்சாரம் பிறக்கும்போது கூடவே மிகச் சிறிய காந்தப் புலமும் பிறக்கிறது, இப்போது அதையும் உடம்பைத் தொடாமலேயே அளக்க முடிகிறது என்றார். மின்சாரம் வெளியே வருவதற்குள் கொழுப்பு, தண்ணீர், நுரையீரலின் காற்று ஒவ்வொன்றும் அதை ஒவ்வொரு விதமாக மாற்றிவிடும். காந்தப் புலத்துக்கு அந்தத் தடை மிகக் குறைவு, உடம்புக்குள் சுற்றுகிற மின்சாரம் அதிலும் ஓரளவு கலக்கும் என்றாலும் அது பெரும்பாலும் தடையில்லாமல் வெளியே வந்துவிடும் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். கேள்வி கேட்கலாம் என்றபோது நான் எழுந்தேன். என்ன கேட்பதென்று தெரியாமல், நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த வாரம் அக்காவைப் பார்க்க சுங்கை பட்டாணிக்குப் போனேன். முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. தோட்டத்தில் விசாரித்துத் தங்கை வீட்டைக் கண்டுபிடித்தேன். தங்கையின் மகன் வெளியே வந்தார். பெரியம்மா போய் இரண்டு வருடம் ஆகிறது என்றார். கடைசிவரை நடமாட்டமாகத்தான் இருந்தாராம். தோட்டத்துப் பிள்ளைக்காப்பகத்தில் ஆயாவாக வேலை பார்த்தாராம். அங்கே வளர்ந்த பிள்ளைகள் எல்லோரும் வந்து தூக்கிப்போனார்களாம்.

“நீங்க யாருன்னு சொல்லலியே?” என்று கேட்டார்.

“பினாங்குல பக்கத்து வீட்டுல இருந்தவ,” என்றேன்.

என்னைப் பற்றி அக்கா எப்போதாவது பேசினாரா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. தங்கை மகன் கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு, மூன்று மணி பஸ்ஸில் பட்டர்வொர்த் வழியாகப் பினாங்குக்குத் திரும்பினேன்.